டிரெய்லர் இழுக்கும் பெரிய எஸ்யூவிக்குச் சக்கரமும் டயரும் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் பெரிய எஸ்யூவி வாங்குபவர்கள் என்ஜினைப் பற்றியும் இருக்கைகளைப் பற்றியும் பல நாள் யோசிக்கிறார்கள். சக்கரத்தின் அளவை மட்டும் விற்பனை நிலையத்தில் நின்றபடியே, கண்ணுக்கு எது எடுப்பாக இருக்கிறதோ அதை வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த வண்டி கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வருவதாக இருந்தால் இதில் பெரிய தவறில்லை. ஆனால் இரண்டரை டன், மூன்று டன் எடையுள்ள பயண டிரெய்லர் ஒன்றைப் பின்னால் மாட்டிக்கொண்டு கோடைகாலத்தில் டெக்சாஸின் மேற்குப் பகுதியைக் கடக்கப் போகிறோம் என்றால், அந்த வண்டியில் முதலில் யோசிக்க வேண்டியது டயரைத்தான். என்ஜின் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் வண்டியின்மீது விழும் எடை முழுவதையும் தரையில் தாங்கி நிற்பது நான்கு சிறிய ரப்பர்த் திட்டுகளே.

ஃபோர்டு எக்ஸ்பெடிஷனை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 2018 முதல் 2024 வரை வந்த இதன் மாடல்களுக்கு, வாங்கும் தரத்தைப் பொறுத்து 18, 20, 22 அங்குலச் சக்கரங்கள் வந்தன. அவற்றுக்குரிய டயர் அளவுகள் முறையே 275/65 ஆர் 18, 275/55 ஆர் 20, 285/45 ஆர் 22 ஆகும். இந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதல் எண் டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது. சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் குறிக்கிறது. ஆர் என்பது ரேடியல் வகை. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆகவே 275/65 ஆர் 18 டயரின் பக்கச்சுவர் 179 மி.மீ உயரம் கொண்டது. 20 அங்குலச் சக்கரத்தில் அது 151 மி.மீ, 22 அங்குலத்தில் வெறும் 128 மி.மீ. ஆனால் மூன்று டயர்களின் முழு விட்டத்தையும் கணக்கிட்டால் 810 முதல் 815 மி.மீக்குள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதாவது சக்கரம் பெரிதாகும்போது வண்டி உயர்வதில்லை. உலோகம் கூடி, அந்த இடத்தில் இருந்த ரப்பரும் காற்றும் குறைகின்றன.

டயரில் எடையைத் தாங்குவது ரப்பர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான் தாங்குகிறது. ரப்பரும் அதனுள் இருக்கும் இழைகளும் அந்தக் காற்றைப் பிடித்துவைக்கும் பைதான். ஒரே அழுத்தத்தில் காற்றின் கொள்ளளவு குறைந்தால் தாங்கும் எடையும் குறையும். அளவுக்கு அடுத்து டயரில் அச்சிட்டிருக்கும் சுமைக் குறியீட்டு எண்ணில் இதைத் தெளிவாகக் காணலாம். மேலே சொன்ன மூன்று அளவுகளிலும் சாதாரண வகை டயர்களுக்குரிய குறியீடுகள் 116, 113, 110 ஆகும். 116 என்றால் ஒரு டயர் 1,250 கிலோ தாங்கும். 113 என்றால் 1,150. 110 என்றால் 1,060. ஒரே வண்டியில் சக்கரத்தை 18 அங்குலத்திலிருந்து 22 அங்குலமாக மாற்றியதும் ஒவ்வொரு டயரும் 190 கிலோ திறனை இழக்கிறது.

கார்களுக்கென்று வடிவமைக்கப்பட்ட டயரை (மேலே சொன்ன சாதாரண வகையும் இதுவே) எஸ்யூவியிலோ பிக்கப்பிலோ பொருத்தினால், அதன் சுமைத் திறனை 1.10-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு விதி கூறுகிறது. இத்தகைய வண்டிகள் கார்களைவிட உயரமானவை. அடிக்கடி முழுச் சுமையோடு ஓடுபவை என்பதால் வைத்த ஒதுக்கீடு அது. அப்படி வகுத்துவிட்டுப் பின் அச்சின் இரண்டு டயர்களையும் சேர்த்துப் பார்த்தால் 18 அங்குலத்துக்குச் சுமார் 2,270 கிலோ, 20 அங்குலத்துக்கு 2,090, 22 அங்குலத்துக்கு 1,925 என்று வரும். இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின் அச்சில் உண்மையில் எவ்வளவு எடை விழுகிறது?

டிரெய்லரின் முழு எடையும் நம் வண்டியின்மீது ஏறுவதில்லை. அதன் பெரும்பகுதியை டிரெய்லரின் சொந்தச் சக்கரங்களே சுமக்கின்றன. கொக்கியில் இறங்குவது நாக்கு எடை என்று சொல்லப்படும் பகுதி மட்டுமே. அது டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும் என்பதால் அதைக் குறைத்துத் தப்பிக்கவும் வழியில்லை. 2,700 கிலோ டிரெய்லருக்கு 12 சதவீதம் என்றால் நாக்கு எடை 324 கிலோ.

இதில் ஒரு நெம்புகோல் கணக்கு ஒளிந்திருக்கிறது. கொக்கியின் பந்து, அதாவது டிரெய்லர் வந்து அமரும் உருண்டை, பின் அச்சுக்கு நேர்மேலே இல்லை. அதிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் பின்தள்ளி இருக்கிறது. எக்ஸ்பெடிஷனின் இரு அச்சுகளுக்கு இடையேயான தூரம் 3.11 மீட்டர். தராசுத் தட்டின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுவதைப் போல, அந்த 324 கிலோ முன் அச்சிலிருந்து சுமார் 125 கிலோவைத் தூக்கிப் பின் அச்சில் போட்டுவிடும். ஆகப் பின் டயர்களுக்குக் கூடும் சுமை 324 அன்று, சுமார் 450 கிலோ. இந்தக் கூடுதலைப் பெரும்பாலானவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

இப்போது முழுக் கூட்டலையும் பார்ப்போம். காலி வண்டியின் எடை சுமார் 2,550 கிலோ. அதில் பாதி, அதாவது 1,270 கிலோ பின் அச்சில் இருக்கிறது என்று கொள்வோம். ஐந்து பேர் ஏறி, பின்புறம் பெட்டிகளும் குளிர்பெட்டியும் அடுக்கினால் பின் அச்சுக்கு இன்னும் 330 கிலோ சேரும். அதன்மேல் கொக்கி தரும் 450 கிலோ. மொத்தம் 2,050. இது 22 அங்குலச் சாதாரண டயர்களின் எல்லையைத் தாண்டிவிட்டது. 20 அங்குலத்தில் மயிரிழையில் தப்புகிறது. 18 அங்குலத்தில் 200 கிலோவுக்கு மேல் இடம் மிச்சமிருக்கிறது. எடையைப் பகிரும் ஹிட்ச் (கொக்கி இணைப்பு) ஒன்றைப் பொருத்தி, அதன் நெம்புகம்பிகளைச் சரியாக இறுக்கினால் முன் அச்சு இழந்த எடையில் பெரும்பங்கு திரும்பிவரும். பின் அச்சில் 100 முதல் 150 கிலோ வரை குறையும். அப்போதும் 22 அங்குல டயர்கள் தம் எல்லையை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கும். வண்டி உற்பத்தியாளர் பின் அச்சுக்கு வகுத்திருக்கும் உச்ச எடை ஓட்டுநர் கதவோரத்து ஒட்டுத்தாளில் அச்சிட்டிருக்கும். டயருக்கு எவ்வளவு திறன் இருந்தாலும் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. அதிகச் சுமை தாங்கும் டயர் வாங்கினால் வண்டியின் இழுவைத் திறன் கூடிவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். ஸ்பிரிங்கும் அச்சும் பிரேக்கும் அதே பழையவைதான்.

மேலே நான் கொடுத்தது ஊகக் கணக்கு. உங்கள் வண்டிக்குரிய மெய்யான எண்களைப் பெற, நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) என்ற நிறுவனத்தின் எடைமேடையில் வண்டியையும் டிரெய்லரையும் ஏற்றி நிறுத்துங்கள். சில டாலர் செலவில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் என்று மூன்று எடைகளையும் தனித்தனியே அச்சிட்டுத் தருவார்கள். குடும்பத்தார் அனைவரும் வண்டிக்குள் இருக்கும்போது, தண்ணீர்த் தொட்டியும் நிரம்பியிருக்கும்போது எடை போடுவதே முறை. டயர் வாங்குவதற்கு முன் இந்தச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய பழைய எஸ்யூவியில் முந்தைய உரிமையாளர் 22 அங்குலச் சக்கரங்களை மாட்டியிருந்தார். டயர்கள் தேய்ந்திருந்ததால் ஒரு கடையில் புதிதாகப் போட்டேன். டிரெய்லர் இழுக்கப்போவதையும் சொன்னேன். அளவு சரியாக இருக்கிறதென்று போட்டுக் கொடுத்தார்கள்; சுமைக் குறியீட்டை அவர்கள் பார்க்கவில்லை, எனக்கும் அப்போது பார்க்கத் தெரியவில்லை. மாநிலத்தின் மேற்கே டேவிஸ் மலைகளுக்குப் போகும் வழியில், ஐ-10 நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்து போனபோது அதன் காற்று தள்ளியதில் டிரெய்லர் இடமும் வலமுமாக அலையத் தொடங்கியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்கியதும் நிலைபெற்றது. பிள்ளைகள் பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோதுதான் பின் டயர்கள் தம் எல்லைக்கு மேல் சுமந்துகொண்டிருந்தது தெரிந்தது.

அப்படியானால் 18 அங்குலமே போதுமா? டிரெய்லர் இழுப்பதுதான் முதன்மையான வேலை என்றால், உங்கள் வண்டிக்கு உற்பத்தியாளர் வழங்கிய மிகச் சிறிய சக்கரமே சிறந்தது என்பது என் முடிவு. உயரமான பக்கச்சுவர் குழிகளின் அடியை வாங்கிக்கொள்கிறது. ரிம் நெளிவதும் சுவரில் புடைப்பு விழுவதும் குறைகின்றன. டயரும் மலிவு, எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். பக்கச்சுவர் உயர்ந்தால் அது நெகிழ்ந்து வண்டியை அசைக்கும் என்று சொல்வார்கள்; அதில் உண்மை உண்டு. காற்று குறைவான உயரமான டயர் பக்கவாட்டில் நெகிழ்ந்து டிரெய்லரின் ஆட்டத்துக்கு இடங்கொடுக்கும். ஆனால் அதற்குத் தீர்வு சரியான காற்றழுத்தமே. அதற்காகப் பெரிய ரிம்முக்கு மாற வேண்டியதில்லை. 20 அங்குலம் ஏற்கெனவே வண்டியோடு வந்திருந்தால் அதையும் வீணாக மாற்றத் தேவையில்லை, சுமைக் குறியீடு மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். 22 அங்குலத்தை விட முடியாதவர்கள், அதே அளவில் எக்ஸ்எல் என்று குறித்திருக்கும் கூடுதல் சுமை வகையைத் தேட வேண்டும். 285/45 ஆர் 22 அளவில் அந்த வகைக்குக் குறியீடு 114, அதாவது 1,180 கிலோ. ஆனால் அந்தத் திறன் 41 அல்லது 42 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) காற்றில்தான் முழுமையாகக் கிடைக்கும். 35-இல் ஓட்டினால் கூடுதல் பணம் கொடுத்ததற்குப் பயன் ஏறக்குறைய எதுவுமில்லை. சிறிய சக்கரத்துக்கு இறங்குபவர்கள், பிரேக் காலிபரைத் தொடாமல் அந்த ரிம் சுழலுமா என்பதை உற்பத்தியாளரின் பட்டியலில் சரிபார்த்த பிறகே வாங்க வேண்டும். சில மாடல்களில் இழுவை வரம்பே சக்கர அளவைப் பொறுத்து மாறும் என்பதால் கையேட்டில் அந்தப் பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

எல்டி டயரைப் பற்றிய கேள்வி எப்போதும் எழும். பிக்கப் போன்ற சிறிய லாரி வகைக்கென்று தடித்த இழைகளோடு செய்யப்படும் இந்த டயர்களில் ஈ (E) என்ற சுமை வகை 80 பிஎஸ்ஐ வரை காற்றுப் பிடிக்கும். 275/65 ஆர் 18 அளவில் குறியீடு 123, ஒரு டயருக்கு 1,550 கிலோ. எண்ணைப் பார்த்து மயங்கி இதைப் போட்டுவிட்டு, கதவோரத்தில் அச்சிட்டிருக்கும் பழைய 35 பிஎஸ்ஐயையே நிரப்புபவர்கள் ஏராளம். அப்படிச் செய்தால் அந்த டயர், கழற்றி எறிந்த சாதாரண டயர் தாங்கியதைவிடக் குறைவாகவே தாங்கும். பழைய திறனுக்கு இணையாக வரவே அதற்கு 50 பிஎஸ்ஐ அளவில் காற்று வேண்டும். அந்தக் காற்றில், டிரெய்லர் இல்லாத நாள்களில் வண்டி கட்டையாகக் குலுங்கும், ஈரச்சாலையில் பிடிப்பும் சற்றுக் குறையும், எரிபொருளும் கூடுதலாகும். மாதந்தோறும் இழுப்பவர்களுக்கும், கரடுமுரடான மண்பாதைகளில் போகிறவர்களுக்கும் எல்டி தகும். ஆண்டுக்கு நான்கு முறை இழுக்கும் குடும்பத்துக்குச் சரியான குறியீடுள்ள சாதாரண டயரே மேல்.

உயரத்தைக் கூட்டலாமா என்றால், கூட்ட வேண்டாம் என்பேன். 32 அங்குல விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 35 அங்குலம் போட்டால் விட்டம் சுமார் 9 சதவீதம் பெருகுகிறது. இழுவைக்கென்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய 3.73 அச்சு விகிதம் (அச்சிலுள்ள பற்சக்கரங்களின் விகிதம்) அதனால் 3.42 போலாகிவிடும், ஏற்றத்தில் என்ஜின் திணறும், கியர்பாக்ஸ் சூடேறும், பிரேக்குக்கும் அதே அளவு கூடுதல் உழைப்பு. ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

காற்றழுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சரியான டயரை வாங்கியபின் தவறு நேர்வது இங்கேதான். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் பொருத்தப்பட்டிருந்தன. நெடுஞ்சாலை வேகத்தில் மேலடுக்கு பெயர்ந்து, வண்டிகள் உருண்டு, பலர் உயிரிழந்தார்கள். டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறைகள் இருந்தன. வண்டிக்குப் பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ என்ற குறைந்த அழுத்தமும், வெப்பமான மாநிலங்களின் சாலையும், ஏற்றிய சுமையும் அக்குறைகளைக் கொடியதாக்கின. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவு வெப்பமாகிறது. வெப்பம் ரப்பருக்கும் எஃகு இழைக்கும் இடையேயான பிணைப்பைத் தளர்த்துகிறது. அந்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் ட்ரெட் சட்டத்தை இயற்றியது. அதன் விளைவாகவே இன்று அங்கு விற்கும் புதிய கார்களிலும் எஸ்யூவிகளிலும் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. ஆனால் அந்த விளக்கு, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தபின் எரிந்தால் போதும் என்றே விதி அனுமதிக்கிறது. 35 பிஎஸ்ஐக்கு அது ஏறத்தாழ 26. எக்ஸ்ப்ளோரரின் கதவில் எழுதியிருந்த அதே எண். டிரெய்லர் இழுக்கும்போது விளக்கு எரியட்டும் என்று காத்திருக்கலாகாது.

வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றபின், வெயில் படுவதற்கு முன், சொந்த அளவி கொண்டு அழுத்தத்தைப் பாருங்கள். கதவோர ஒட்டுத்தாளின் எண்ணிலிருந்து தொடங்குங்கள். கையேட்டில் இழுவைக்கென்று தனி எண் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். பின் டயர்களுக்குச் சில பிஎஸ்ஐ கூடுதலாக வைப்பது பக்கவாட்டு நெகிழ்வைக் குறைத்து நிலைப்பைக் கூட்டும். டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தை மட்டும் ஒருபோதும் தாண்டாதீர்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்குவது பெரும் பிழை.

ரிம்மை வெளிக்கடையில் வாங்குவதாக இருந்தால், ஒவ்வொரு ரிம்முக்கும் தனிச் சுமை வரம்பு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. அது பெரும்பாலும் உட்புறத்திலோ ஆரத்தின் பின்பக்கத்திலோ பொறிக்கப்பட்டிருக்கும். டயர் 1,250 கிலோ தாங்கி, ரிம் 1,000 தாங்கினால் உங்கள் திறன் 1,000 மட்டுமே. எண் பொறிக்காத ரிம்மை இழுவைக்கு வாங்காதீர்கள். ஆறு துளைகள் இருப்பதால் மட்டும் பொருந்திவிடாது. எக்ஸ்பெடிஷனில் துளைவட்டம் 135 மி.மீ, செவ்ரோலே டாஹோவில் 139.7. நடுத்துளை வண்டியின் ஹப்பில் கச்சிதமாக அமர வேண்டும். சக்கரத்தை வெளியே தள்ளும் ஆஃப்செட்டும் இடைச்செருகும் ஸ்பேசரும் பேரிங்கின்மேல் நெம்புகோல் போல வேலை செய்வதால், சுமை இழுக்கும் வண்டியில் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

டிரெய்லரின் டயர்களும் இதே கவனத்தைக் கேட்கின்றன. அவை எஸ்டி என்ற தனி வகை. 225/75 ஆர் 15 அளவில் டி (D) சுமை வகை 65 பிஎஸ்ஐயில் 1,152 கிலோவும், ஈ வகை 80 பிஎஸ்ஐயில் 1,284 கிலோவும் தாங்கும்; இவற்றில் சுவரில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை நிரப்புவதே பொதுவான முறை. பழைய வகை எஸ்டி டயர்கள், வேறு வேகம் குறிப்பிடாதவரை, மணிக்கு 65 மைலுக்கென்றே செய்யப்பட்டவை. ஐ-10-இன் மேற்கு டெக்சாஸ் பகுதியில் வேக வரம்பு 80 மைல். பலகை அனுமதிக்கிறதே என்று அந்த வேகத்தில் இழுத்தால் டயர் சூட்டில் வெந்து பிரியும். கலிபோர்னியா, டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு 55 மைல் என்று தனி வரம்பு வைத்திருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. டயரின் வயதையும் பாருங்கள்: டயரின் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால் அது 2019-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் முதுமை அடைந்துவிடும். ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளில், மேற்பரப்பின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

புதிய டயரோடு ஸ்பேரையும் இறக்கிப் பாருங்கள். பெரிய சக்கரத்தோடு வந்த பல வண்டிகளில் ஸ்பேர் வேறு அளவில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு டிரெய்லரை இழுக்கலாமா என்பதற்குக் கையேட்டில் விடை உண்டு. டிரெய்லருக்கும் ஒரு ஸ்பேர், அதன் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், அதன் உயரத்துக்கு ஏற்ற ஜாக்கி ஆகியவற்றை வண்டியிலேயே வைத்திருங்கள். சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனர் (இறுக்கும் முறுக்குவிசையை அளந்து காட்டுவது) கொண்டு இறுக்க வேண்டும். எக்ஸ்பெடிஷனுக்கு அது 204 நியூட்டன் மீட்டர். சக்கரம் மாற்றி 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியபின் நிறுத்தி, அதே அளவில் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதிய ரிம் ஹப்பில் அமர்ந்த பிறகு நட்டு கால்திருப்பு இளகியிருப்பதை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன்.